கழுத்தளவுத் தண்ணீரில் கழுத்துப்பட்டி

போன கிழமை மாம்புரியில் மச்சாள் வீட்டுக்குப் போயிருந்தேன். மச்சாளுக்குத் தடிமன், மூக்கடைப்பு. குசினியில் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவிகிற மணம் வாசல் வரைக்கும் வந்து என்னை மறித்தது. மற்றவர்களுக்கு அந்த மணம் காய்ச்சலையும் போர்வையையும் ஞாபகப்படுத்தும். எனக்கு ஞாபகம் வந்தது வெள்ளைச் சட்டை போட்டு, கறுப்புப் பெயர்ப்பட்டி குத்தி, கழுத்துப்பட்டி கட்டி, தலையில் ஹெல்மெட்டோடு சைக்கிள் மிதிக்கிற இரண்டு பொடியன்கள். மச்சாளிடம் சுகம் விசாரிக்க மறந்து சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவளுக்குக் கோபம். நியாயம்தான்.

முதலில் இருந்தே சொல்கிறேன். என் கணவர் அன்ரன் இளந்தாரியாக இருந்தபோது கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை செய்தார். அங்கேதான் மோர்மன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ சபையில் சேர்ந்தார். கலியாணத்தோடு நானும் சேர்ந்தேன். ஆளைப் பிடித்ததால் சபையைப் பிடித்ததா, சபையையும் தனியாகப் பிடித்ததா என்று அந்த நாளில் பலர் கேட்டார்கள். இப்போது யோசித்தாலும் இரண்டையும் பிரித்துச் சொல்ல வரவில்லை. பிறகு அவருக்குப் புத்தளத்து உப்பளத்தில் மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. என் சொந்தக் கரைக்கே திரும்பி வந்து, பள்ளிவாசல்துறையில் ஒரு வீடெடுத்துக் குடியிருந்தோம்.

அதே கடற்கரையில்தான் அப்பாவின் கரைவலை, கரையில் நின்று ஆட்கள் கயிற்றால் இழுக்கிற பெரிய வலை. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம். ஆனால் அவர் கூப்பிடமாட்டார், நானும் கூப்பிடமாட்டேன். பரம்பரைக் கத்தோலிக்கர், வலைக்கு முதலாளியான சம்மாட்டி, கோயில் கொடியேற்றத்துக்கு முன்வரிசையில் நிற்கிற மனுஷன். மகள் வேதம் மாறிவிட்டாள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து என்னோடு கதையை நிறுத்திவிட்டார். ரோட்டில் கண்டால் சைக்கிளை மற்றப் பக்கம் திருப்புவார். எங்கள் மகள் ஜெனி பிறந்தாள், தவழ்ந்தாள், பாலர் பாடசாலைக்கும் போகத் தொடங்கினாள். அப்பாவின் சைக்கிள் மற்றப் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து ஒரு தொலைபேசி வந்தது. அங்கே சபையின் ஊழியக்காரப் பொடியன்களுக்கெல்லாம் பொறுப்பாக ஒரு அமெரிக்கப் பெரியவர் இருந்தார். அவர் எங்கள் கரைக்கு இரண்டு பேரை அனுப்பப் போகிறாராம். அவர்களின் வீடு, சாப்பாடு, ஒழுக்கம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள அன்ரன்தான் தலைவராக இருக்கவேண்டுமாம். அன்ரன் கதிரையை விட்டு எழும்பி நின்று, சேட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓம் என்றார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வீடு பார்க்கவும் ஒழுக்கம் பார்க்கவும் தலைவர் போதும். சாப்பாட்டுக்கு இன்னொரு ஆள் தேவை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வந்த இரண்டு பேரும் வயதில் என் கடைசித் தம்பிக்கும் இளையவர்கள். ஒருவன் எல்டர் வுட்லி. அமெரிக்காவில் ஐடஹோ என்ற இடத்தில் உருளைக்கிழங்குத் தோட்டக்காரர் மகன், மெலிந்தவன், வெயில் பட்டால் இறால் அவித்த நிறத்துக்கு வருவான். மற்றவன் எல்டர் மஹே. தொங்கா என்ற தீவிலிருந்து வந்தவன். கதவுக்குள் நுழையக் குனிய வேண்டும், பக்கவாட்டிலும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எங்கள் ஆட்களைப் போலவே மண்ணிறம், சுருட்டைத் தலை. ஊரில் எல்லோரும் அவனோடு தமிழிலேயே கதைத்தார்கள், அவன் சிரித்தான். சிங்களத்தில் கேட்டுப் பார்த்தார்கள், அதற்கும் சிரித்தான். பாவம், இந்தப் பெரிய உடம்புக்குக் காது கேட்காது என்று கொஞ்ச நாள் ஊருக்குள் ஒரு கதை ஓடியது.

எல்டர் என்பது பெயரில்லை, சபையில் அந்த ஊழியக்காரருக்குக் கொடுக்கிற பட்டம், மூப்பர் என்று அர்த்தம். இதை நான் விளக்கப்போய் இன்னும் குழப்பம். கோயிலில் மூப்பர் என்றால் தலை நரைத்த ஆள். இங்கே மீசை முளைக்காத மூப்பர்! போதாக்குறைக்கு அவர்கள் என்னைச் ‘சிஸ்டர்’ என்று கூப்பிட்டார்கள். எங்கள் கரையில் சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரி. புருஷனும் பிள்ளையும் உள்ள கன்னியாஸ்திரியாக நான் கடைத்தெருவில் நடந்து திரிந்தேன்.

அவர்களுக்குச் சட்டதிட்டம் ஏராளம். விடிய இன்ன நேரம் எழும்ப வேண்டும், இருட்டினால் வீட்டுக்குள் இருக்க வேண்டும், படம் பார்க்கக்கூடாது, பெட்டைகளோடு தனியே நின்று கதைக்கக்கூடாது. ஒருவனை விட்டு மற்றவன் பிரியவே கூடாது. ஒருவன் தலைமயிர் வெட்டப் போனால் மற்றவனும் சலூனில் போய்க் குந்தியிருப்பான். அன்ரன் திங்கட்கிழமை வேலை முடிந்து வந்ததும் அவர்களின் வீட்டைச் சோதனை செய்யப் போவார். கட்டில் விரித்திருக்கிறதா, சப்பாத்து மினுங்குகிறதா என்று பார்ப்பார். எங்கள் வீட்டில் அவருடைய கட்டிலை விரிப்பது நான். அதைப் பற்றித் தலைவரிடம் யாரும் கேட்கவில்லை.

எல்லாச் சட்டத்திலும் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது தேத்தண்ணீர்தான். தேயிலையும் கோப்பியும் எங்கள் சபையில் விலக்கு. நானும் அன்ரனும் எப்படியோ பழகிவிட்டோம். ஊர்ச்சனம் பழகவில்லை. எந்த வீட்டு வாசலில் போய் நின்றாலும், வந்தவன் யார் எவர் என்று கேட்கமுதல் பிளேன்ரீ வந்துவிடும். வேண்டாம் என்றால் வீட்டுக்காரருக்கு மனம் நோகும். நான்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கொத்தமல்லி போதுமென்று சொல்லச் சொன்னேன். அதிலிருந்து எல்லா வீட்டிலும் அவர்களுக்குக் கொத்தமல்லி அவித்தார்கள். இந்த வெள்ளைக்காரத் தம்பிக்கும் காது கேளாத தம்பிக்கும் எந்த நாளும் தடிமன் என்று இரக்கப்பட்டு, ஒரு மனுஷி தைலப் போத்தலும் கொடுத்தனுப்பினாள்.

சந்திக் கடை ஹனீபா காக்கா மட்டும் விஷயத்தை ஆழமாக விசாரித்தார். சாராயம் இல்லை, சிகரெட் இல்லை என்றதும் மெச்சினார். தேத்தண்ணீரும் இல்லை என்றதும் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

“எங்களுக்கு ஹராமானது போதாதெண்டு தேத்தண்ணியையும் ஹராமாக்கிட்டாங்களே. பாவம் புள்ள, இந்த வயசுல” என்று, மஹேயின் கையில் ஒரு பெரிய வாழைப்பழத்தைத் திணித்தார். அவனுடைய சாப்பாடு காக்காவுக்குத் தெரியாது. காலையில் ஒரு றாத்தல் பாணைப் பருப்போடு முடித்துவிட்டு, நல்ல பிள்ளையாக வுட்லியின் தட்டைப் பார்ப்பான்.

சபைக்கு எத்தனை பேரைச் சேர்த்தார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். ஒருவரையும் இல்லை. முஸ்லிம் வீடுகளில் போதிக்கப் போகக்கூடாது, கத்தோலிக்கரோடு வாதாடக்கூடாது என்று அன்ரன் முதல்நாளே கட்டளை போட்டார். அதற்குப் பிறகு எங்கள் கரையில் மிஞ்சுவது காகங்களும் நாய்களும்தான். ஆகவே அவர்கள் பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு இலவசமாக இங்கிலிஷ் படிப்பித்தார்கள். வேலி கட்டுகிற இடத்தில் கிடங்கு வெட்டினார்கள், மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தார்கள். எங்கள் பிள்ளைகள் வேறெந்தச் சொல்லையும் சரியாகப் படிக்காவிட்டாலும் ‘பொட்டேட்டோ’வை ஐடஹோக்காரர் மாதிரியே சொன்னார்கள்.

மஹேக்கு வேறொரு கவலை இருந்தது. ஊழியக் காலம் முடியும்வரை அவர்கள் நீந்தக்கூடாது. பாதுகாப்புக்காக வைத்த சட்டம் அது. வுட்லிக்கு அது ஒரு நட்டமுமில்லை, அவன் வாழ்க்கையில் பெரிய தண்ணீரென்று பார்த்தது வயல் வாய்க்காலைத்தான். மஹே மீன்பிடிக்காரர் வீட்டுப் பிள்ளை. நடக்கமுதல் நீந்தினவன். கடற்கரை ரோட்டால் போகும்போது அவன் சைக்கிள் தானாகவே மெதுவாகும். சில நாளில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அலை வந்து பாதத்தைத் தொடுகிற இடத்தில் நிற்பான். பக்கத்தில் வுட்லி, சட்டப்படி, அவனும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிற்பான்.

கிழமைக்கு ஒருநாள் வீட்டுக்குக் கதைக்க அவர்களுக்கு அனுமதி இருந்தது. எங்கள் முன்ஹோலில் இருந்துதான் போனில் வீடியோ கோல் எடுப்பார்கள். மஹேயின் தாய் என்னையும் கூப்பிடச் சொல்வாள். அவளுக்கு எங்கள் பாஷை தெரியாது, எனக்கு அவளுடைய பாஷை தெரியாது, இங்கிலிஷில் இரண்டு பேரும் சமமான ஏழைகள். ஒருநாள் நான் குசினியிலிருந்து கையில் மரவள்ளிக்கிழங்கோடு வந்தேன். அவள் திரைக்குள் எழும்பி ஓடினாள். திரும்பி வந்து தன் கிழங்கைத் தூக்கிக் காட்டினாள். அதன்பிறகு ஒவ்வொரு கிழமையும் நாங்கள் ஆளுக்கொரு காய் காட்டினோம். பூசணிக்காய் காட்டின அன்றைக்கு இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது. ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். தலவிலக் கோயில் திருவிழா. கரையில் பாதிச்சனம் வாகனம் பிடித்துப் போய்விட்டது. வலை இழுக்கிறவர்களில் அநேகம் பேர் போய்விட்டார்கள். அன்றைக்குப் பார்த்து அப்பாவின் கண்ணில் பாரை மீன் கூட்டம் பட்டுவிட்டது. ஆள் இல்லை, விடுங்கள் என்று சொன்னதைக் கேட்காமல் இருந்த கொஞ்சப்பேரை வைத்துக்கொண்டு வலையை வளைத்துவிட்டார்.

நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெட்டை ஓடிவந்து, எங்கள் பொடியன்கள் இரண்டு பேரும் என் அப்பாவின் வலையில் நிற்கிறார்கள் என்றாள். எனக்கு விளங்கியது, அவர்கள் வலைக்குள் மாட்டுப்பட்டுவிட்டார்கள் என்று. போனையும் மீன் நாற்றத்தையும் கையில் கொண்டு ஓடினேன்.

அங்கே போனால், இரண்டு சைக்கிளும் மணலில் கிடந்தன. கழுத்துப்பட்டி கட்டின இரண்டு பேர் கயிற்றில் நின்றார்கள். மஹே முன்னுக்கு நின்று மூன்று ஆள் இழுவை இழுத்தான். வுட்லி பின்னுக்கு, இறால் நிறத்தில், கயிற்றை இழுக்கிறானா கயிறு அவனை இழுக்கிறதா என்று சொல்ல முடியாமல் நின்றான். உதவி செய்ய அவர்களுக்குச் சட்டம் தடையில்லை. அந்தளவுக்குச் சரி என்று மூச்சுவிட்டேன்.

அப்போது வலை நின்றுவிட்டது. எத்தனை இழுத்தும் வரவில்லை. முந்தி ஒரு காலத்தில் மூழ்கிப்போன தோணியின் கட்டை ஒன்று கரைக்குக் கிட்ட அடியில் கிடக்கிறது. அதில் வலை சிக்கிவிட்டது. யாராவது இறங்கி எடுத்துவிட வேண்டும். ஆனால் இருக்கிற ஆட்களில் ஒருவன் கயிற்றை விட்டாலும் நீரோட்டம் வலையை இழுத்துக்கொண்டு போய்விடும் என்று அப்பாவுக்குப் பயம். ஆம்பிளைகளில் கை சும்மா இருந்தது அப்பாவுக்கு மட்டும்தான். அவர் ஹேர்னியா ஒப்பரேஷன் செய்து கிடந்து எழும்பினவர். அது ஊருக்குத் தெரியும், எனக்கும் ஊர் மூலமாகத் தெரியும். மனுஷன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்.

முதல் அலை அவருடைய இடுப்பில் அடித்தது. தள்ளாடினார். மஹே கயிற்றை விடவில்லை, ஆனால் திரும்பி என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்த தமிழையெல்லாம் சேர்த்துக் கேட்டான்.

“சிஸ்டர், கடல், நான் போகலாமா?”

தலைவரின் மனைவிக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரம் உண்டா என்று எனக்குத் தெரியாது. அன்ரனுக்கு எடுத்தேன். உப்பளத்துக் காற்று இரைகிறது. விஷயத்தைச் சொன்னேன். கொழும்புக்குக் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். இரண்டாவது அலை அப்பாவை விழுத்தியது. எழும்பினார், மறுபடியும் விழுந்தார். கயிற்றில் நின்றவர்கள் சம்மாட்டி, சம்மாட்டி என்று கூப்பிட்டார்கள். எனக்கு அப்பா என்று கூப்பிட வாய் வரவில்லை, அத்தனை காலம் கூப்பிடாத வாய்.

நான் மஹேயைப் பார்த்துச் சொன்னேன்: “நீந்தாத. நட.”

அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் எந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்திலும் எவர் முகத்திலும் கண்டதில்லை. கயிற்றை என் கையில் தந்துவிட்டு, சட்டை, கழுத்துப்பட்டி, பெயர்ப்பட்டி எல்லாவற்றோடும் நடந்தான். அப்படித்தான், நடந்துதான் போனான். முதலில் அப்பாவைப் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டுவந்து மணலில் இருத்தினான். திரும்பவும் நடந்தான்.

அந்த நேரத்தில் வுட்லிக்கு அவனுடைய சட்டம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கூட்டாளியை விட்டுப் பிரியக்கூடாது. நீச்சல் தெரியாத பிள்ளை, அவனும் கயிற்றைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினான். நான் வேண்டாம் என்று கத்தினேன். அவன் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு நடந்தான். நெஞ்சளவில் மஹே திரும்பிப் பார்த்து, அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். மஹேக்குக் கழுத்தளவுத் தண்ணீர். அவன் கழுத்துப்பட்டி முன்னால் மிதந்தது. அதற்கு மேலே வுட்லி, வெள்ளைச் சட்டையோடு, இரண்டு கையாலும் மஹேயின் சுருட்டைத் தலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிச் செபித்தபடி உட்கார்ந்திருந்தான். மஹே காலால் துழாவி, ஒருதரம் தோளையும் ஆளையும் சேர்த்துச் சரித்து, வலையைக் கட்டையிலிருந்து எடுத்துவிட்டான்.

அந்தக் கணம் என் போன் அடித்தது. ஒரு கையில் கயிறு, மற்றக் கையில் போன். அன்ரன் சொன்னார்: “பெரியவர் போனை எடுக்கிறாரில்ல. முழங்கால் வரைக்கும் எண்டால் பிரச்சின வராதெண்டு நினைக்கிறன்.”

கொஞ்சம் கூடிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வலை வந்தது. மடி நிறையப் பாரை. கரையில் இருந்த எல்லாரும் சிரித்துக்கொண்டும் மீனை அள்ளிக்கொண்டும் நின்றார்கள். அப்பா மணலில் இருந்தபடியே, என்னைப் பார்க்காமல், கடலைப் பார்த்துச் சொன்னார்.

“அந்தப் பெரியவனுக்கு ஒரு சாரம் எடுத்துக் குடு. ஈரத்தோட நிக்கிறான்.”

நான் பக்கத்தில் வேறு யாருக்கும் சொல்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் கடல்காகம் ஒன்றுதான் நின்றது. “ஓம் அப்பா” என்றேன். வீட்டுக்கு ஓடிப்போய் அன்ரனின் நல்ல சாரம் இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தேன். ஓடும்போது ஏன் அழுதேன் என்று பக்கத்து வீட்டுப் பெட்டை ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். அது அவ்வளவு பெரிய இரகசியமுமில்லை.

அன்று பின்னேரம் அன்ரன் கொழும்புப் பெரியவரோடு கதைத்தார். மறைக்கத் தெரியாத மனுஷன். எவ்வளவு ஆழம் என்று அவர் கேட்டாராம். கழுத்து வரைக்கும், ஆனால் நடந்துதான் என்று இவர் சொன்னாராம். மற்றவன் எங்கே நின்றான் என்று கேட்டாராம். தோளில் என்றாராம். கடைசியில், இனிமேல் சிஸ்டரிடம் அனுமதி கேட்க வேண்டாமென்று பொடியன்களுக்குச் சொல்லுங்கள் என்றாராம். சொல்லி முடிக்கமுதல் அவர் சிரித்துவிட்டார் என்று அன்ரன் சத்தியம் செய்தார்.

அடுத்த ஞாயிறு அப்பா வந்தார். கையில் பாரை மீன், சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, இந்த வீட்டுக்குத் தினமும் வருகிறவர் மாதிரி உள்ளே வந்து கதிரையில் இருந்தார். ஜெனி அவரைக் கண்டதும் என் பின்னால் ஒளிந்தாள். நான் கொத்தமல்லி கொண்டுபோய் வைத்தேன். கோப்பையை முகர்ந்து பார்த்தார்.

“யாருக்கு மேலுக்குச் சுகமில்ல?”

ஒருவருக்கும் இல்லை, இங்கே தேயிலை வாங்குவதில்லை என்றேன். அப்பா அதை யோசித்தார். வேதம் மாறினதைக்கூட ஒருமாதிரிப் பொறுத்துக்கொள்ளலாம், இது கொஞ்சம் அதிகம் என்கிற முகம். பிறகு ஜெனியைப் பார்த்துக்கொண்டே மடமடவென்று குடித்து முடித்தார். அதற்கடுத்த கிழமை வரும்போது ஹனீபா காக்கா கடையில் தேத்தண்ணீர் குடித்துவிட்டே வந்தார்.

மஹேயை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அது எங்கள் கடல் விவகாரத்தால் இல்லை, எல்லாரையும் அப்படித்தான் மாற்றுவார்கள். அப்பா பஸ்சுக்கு வந்து ஒரு பெரிய பார்சல் கருவாடு கொடுத்தார். புத்தளம் போகிற வழியெல்லாம் பஸ்சின் கண்ணாடிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன என்று மஹே பிறகு போனில் சொன்னான். வுட்லி இன்னும் கொஞ்சக்காலம் இருந்தான். அவனுக்குப் பிறகும் வேறு எல்டர்கள் வந்தார்கள்.

பிறகு கொரோனா வந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகளையெல்லாம் அவசரமாகத் திருப்பிக் கூப்பிட்டார்கள். கடைசியாக இருந்த இரண்டு பேர் துவைத்த சட்டையைக் காயவைக்கவும் நேரமில்லாமல், ஈரத்தோடு பெட்டியில் போட்டுக்கொண்டு போனார்கள். ஊரடங்கு போட்ட நாளில் அப்பா எங்கள் வீட்டில் இருந்தார், அங்கேயே அகப்பட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்ஹோலின் ஒரு மூலையில் நாங்கள் மூன்று பேரும் சபை கூடுவோம், அன்ரன் செபம் சொல்வார். மற்ற மூலையில் அப்பா முதுகைத் திருப்பிக்கொண்டு செபமாலை சொல்வார். எங்கள் செபம் சின்னது, அவருடையது நீளம். எங்களுடையது முடிந்தால் அவருக்குக் கேட்கும், அதற்காக அவசரப்படமாட்டார். கடைசியில் மஹேக்காகவும் ‘மற்ற மெலிஞ்ச பொடியனுக்காகவும்’ ஒன்று தனியாகச் சொல்வார். அதையும் அவர் முடிக்கும்வரைக்கும் அன்ரன் பொறுத்திருந்து, இரண்டு மூலைக்கும் சேர்த்து ஆமென் சொல்வார்.

இப்போது கரைவலையை உழவு இயந்திரம் இழுக்கிறது. பொடியன்கள் இருந்த வீட்டில் பட்டத்தைப் பிடித்துக் கடலில் சறுக்கி விளையாட வருகிற வெளிநாட்டவர்கள் தங்குகிறார்கள். எங்கள் கரைக்கு எல்டர்களை மறுபடி அனுப்பவில்லை. அப்பாவும் போய்விட்டார். கோயில் சேமக்காலையில், முந்தியே போன அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இன்னும் முன்ஹோலில் கூடுகிறோம். அன்ரன் செபத்தைச் சொல்லி முடிக்கிறார். முடித்துவிட்டு, கண்ணை மூடியபடி, கொஞ்சநேரம் அப்படியே நிற்கிறார். ஜெனியும் நானும் நிற்கிறோம். பிறகுதான் ஆமென் சொல்கிறார்.